குரூப் எடுக்கும் பருவம்: மதுரை வட்டாரத்தில் பாடத்தேர்வும் வழிகாட்டலும், 1881–2025

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளிவரும் மே மாதத்தில் மதுரை மாவட்டத்துப் பிள்ளைகள் எல்லோரையும் ஒரே கேள்வி சுற்றி வரும்: "எந்தக் குரூப் எடுக்கப்போறே?" பதில் சொல்லக் கிடைப்பது சில நாட்கள்தான். அந்தப் பதில் எதையெல்லாம் முடித்துவைக்கிறது என்பது பெரும்பாலும் பிறகுதான் தெரியும். வணிகவியல் பிரிவை எடுத்தவருக்குப் பொறியியல், மருத்துவம், வேளாண்மை, செவிலியர் பட்டம் ஆகியவை அன்றோடு முடிந்தன. கணிதம் இல்லாத அறிவியல் பிரிவை எடுத்தவருக்குக் கட்டடக்கலைப் பட்டம் இல்லை. தேசியப் பாதுகாப்புக் கழகத்தின் விமானப்படை, கடற்படைப் பிரிவுகளும் இல்லை. மறுபுறம், சட்டப்படிப்புக்கும் பட்டயக் கணக்கர் தேர்வுக்கும் எந்தக் குரூப்பும் தடையில்லை. முதல் செய்தியாவது பாதி வீடுகளுக்குத் தெரிந்திருக்கும். இரண்டாவது செய்தி போய்ச் சேரும் வீடுகள் குறைவு.

கடந்த நூற்று நாற்பது ஆண்டுகளில் இந்த வட்டாரத்துப் பிள்ளைகளின் படிப்பை யார் தீர்மானித்தார்கள், அதற்கான அறிவுரையை யார் கொடுத்தார்கள் என்பதை இக்கட்டுரை தேடுகிறது. மதுரை நகரோடு திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர் ஆகிய சுற்றுப்புறச் சமவெளிகளும் ஆய்வு எல்லைக்குள் வருகின்றன. என் வாதம் இது: தேர்வுமுறை மீண்டும் மீண்டும் திருத்தப்பட்டது, அரசும் நீதிமன்றமும் இதழ்களும் தேர்வு என்னும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தன. வாசலுக்கு முன்னால் நிற்கும் பிள்ளையிடம் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்ற பரிந்துரை 1953-லேயே எழுதப்பட்டுவிட்டது. அது பள்ளிக் கால அட்டவணைக்குள் வர 2022 ஆயிற்று. இந்தத் தாமதத்துக்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை. தமிழ்நாட்டு அரசியல் நினைவில் அதற்கு ஒரு வேர் இருக்கிறது.

மிஷனும் சர்க்காரும் காட்டிய வழி

அமெரிக்க மதுரை மிஷன் 1834-இல் இங்கே வேலையைத் தொடங்கியது. 1842-இல் திருமங்கலத்தில் ஆரம்பித்த அதன் பயிற்சிப் பள்ளி 1845-இல் பசுமலைக்கு மாறியது. அங்கே சேர்ந்த பையன் உபதேசியாராகவோ பள்ளி ஆசிரியராகவோ ஆவான் என்பது சேரும்போதே ஏறக்குறைய முடிவான விஷயம். படிப்பும் வேலையும் ஒரே கையில் இருந்தன. தனியாக வழிகாட்ட யாரும் தேவைப்படவில்லை. 1881-இல் பசுமலையில் கல்லூரி வகுப்புகள் தொடங்கின. அதுவே பின்னர் வைகையின் வடகரைக்கு வந்து, கோரிப்பாளையத்தில் நாம் இன்று காணும் அமெரிக்கன் கல்லூரியாக வளர்ந்தது. அப்போதுதான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தேர்வு ஏணி இந்தச் சமவெளியில் முழுமையாக ஊன்றப்பட்டது: மெட்ரிகுலேஷன், எஃப்.ஏ., பிறகு பி.ஏ.

அந்த ஏணியில் பாடம் தேர்ந்தெடுக்க அதிக இடமில்லை. எல்லாப் பாடத்திலும் தேறினால்தான் அடுத்த படி. கும்பகோணத்தில் உதவித்தொகையை இழந்து, பச்சையப்பன் கல்லூரியில் 1906-லும் அடுத்த ஆண்டும் எஃப்.ஏ. தேர்வில் தோற்ற கணிதமேதை இராமானுஜனின் கதை ஊரறிந்தது. அவரை மேதை என்று அடையாளம் கண்டவர்கள் அன்றும் இருந்தார்கள். ஆனால் அந்த அடையாளத்தை எழுதிவைக்கத் தேர்வுமுறையில் ஒரு கட்டமும் கிடையாது.

அந்தக் குறையைச் சரிசெய்யும் முயற்சி என்றே 1911-இல் நடைமுறைக்கு வந்த எஸ்.எஸ்.எல்.சி. திட்டத்தைப் பார்க்கிறேன். பாடங்கள் பிரிவுகளாக வகுக்கப்பட்டன. எல்லோருக்கும் பொதுவான மொழி, கணக்குப் பாடங்களோடு, மாணவர் தெரிந்தெடுக்கும் விருப்பப் பாடங்களும் இடம்பெற்றன. புத்தக வடிவில் இருந்த சான்றிதழில் பொதுத்தேர்வு மதிப்பெண்ணோடு பள்ளியில் பெற்ற மதிப்பெண்ணும் பதிவாயிற்று. ஒரு பிள்ளையைப் பற்றித் தலைமையாசிரியர் அறிந்தது காகிதத்தில் ஏறிய காலம் அது. நாளடைவில் பொதுத்தேர்வு எண்ணே எல்லாமாகிப் போனது வேறு கதை.

இதே காலத்தில் நகருக்கு மேற்கே இன்னொரு வகைப் பள்ளிகள் உருவாயின. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ்ப் பிரமலைக் கள்ளர் சமூகம் கைரேகைப் பதிவுக்கு உள்ளாக்கப்பட்டது. அதை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை சுட்டதில் 16 பேர் உயிரிழந்தனர். அதையொட்டிய ஆண்டுகளில் அரசு பரப்பிய 'சீரமைப்பு'த் திட்டத்தின் ஓர் அங்கமாகக் கள்ளர் பள்ளிகள் பெருகின. பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போக வேண்டும், என்ன கைத்தொழில் பழக வேண்டும் என்பது வரை அதிகாரிகளின் கண்காணிப்புக்குள் வந்தது. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-இல் நீங்கிய பிறகும் பள்ளிகள் நின்றன. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் ஏறத்தாழ 300 கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் இருக்கின்றன. செக்கானூரணி, உசிலம்பட்டிப் பக்கத்துப் பட்டதாரிகள் பலரின் முதல் படி அவைதான். தண்டனையின் நிழலில் பிறந்த பள்ளி தலைமுறைகளை ஏற்றிவிட்டது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. 'உன் பிள்ளைக்கு எது ஏற்றது என்று அரசு சொல்லும்' என்ற வாக்கியம் இந்த மண்ணில் எப்படிக் காதில் விழுந்திருக்கும் என்பதையும் மறக்க முடியாது.

1953

வழிகாட்டலின் வரலாற்றில் 1953 ஒரு விசித்திரமான ஆண்டு. ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்வி ஆணையம் அந்த ஆண்டு ஆகஸ்டில் அறிக்கை அளித்தது. பல்வகைப் பாடப்பிரிவுகள் கொண்ட பல்நோக்குப் பள்ளிகள் வேண்டும், பிரிவைத் தேர்ந்தெடுக்க உதவுவதற்குப் பயிற்சி பெற்ற வழிகாட்டி அலுவலர்களும் தொழில்வாய்ப்பு ஆசிரியர்களும் வேண்டும் என்றது. பாடப்பிரிவைக் கொடுத்துவிட்டு ஆலோசகரைக் கொடுக்காமல் இருப்பது அரைவேலை என்பதை அந்த அறிக்கை உணர்ந்திருந்தது. மறு ஆண்டே தில்லியில் கல்வி, தொழில் வழிகாட்டலுக்கான மைய அமைப்பு உருவாயிற்று.

அதே 1953-இல்தான் இராஜாஜி அரசு தொடக்கப்பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. 'குலக்கல்வி' என்று பெயர் சூட்டி எதிர்த்த போராட்டம் மாகாணத்தையே உலுக்கியது. இராஜாஜி விலகினார், 1954-இல் காமராசர் முதல்வரானார், திட்டம் கைவிடப்பட்டது. முதலியார் அறிக்கைக்கும் குலக்கல்வித் திட்டத்துக்கும் நேரடி உறவு கிடையாது. ஆனால் பிள்ளைகளின் திறனறிந்து பிரித்துவிடும் எந்த ஏற்பாட்டையும் சந்தேகத்தோடு பார்க்கும் பழக்கம் அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் உறுதிப்பட்டது. யாரைப் பிரிப்பார்கள், எந்த அளவுகோலால் பிரிப்பார்கள் என்ற கேள்வி முதலில் எழுந்தது. நியாயமான கேள்விதான்.

விளைவாக, அரசின் உழைப்பெல்லாம் வாசலை அகலப்படுத்துவதில் சென்றது: ஊர்தோறும் பள்ளி, மதிய உணவு, விடுதி, உதவித்தொகை, இட ஒதுக்கீடு. இன்றைய தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை நாட்டிலேயே முன்வரிசையில் இருப்பது இந்த உழைப்பின் பலன். ஆலோசகர் என்ற பதவி மட்டும் காகிதத்திலேயே தங்கியது. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி ஆணையம் பத்து உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஓர் ஆலோசகராவது வேண்டும் என்று இறங்கிவந்து கேட்டது. அதுவும் நடக்கவில்லை.

அரசு விட்ட இடத்தை மதுரையில் வேறு கைகள் நிரப்பின. இந்நகரில் கல்வி நிலையங்கள் ஒவ்வொரு சமூகத்தின் பெயரையும் தாங்கி எழுந்தன. கேப்ரன் ஹால் பள்ளியை நடத்திய கேட்டி வில்காக்ஸ் 1948-இல் லேடி டோக் கல்லூரியைத் தொடங்கினார். பள்ளியில் படித்த பெண்ணை நேரே கல்லூரிக்குக் கொண்டுசெல்லும் பாதை அப்படி ஒன்றாயிற்று. 1949-இல் தியாகராசர் கல்லூரி, 1953-இல் பாத்திமா கல்லூரி வந்தன. அறுபதுகளிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் வக்பு வாரியக் கல்லூரி, நாகமலையில் வெள்ளைச்சாமி நாடார் கல்லூரி, சௌராஷ்டிரக் கல்லூரி, யாதவர் கல்லூரி, உசிலம்பட்டியில் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கல்லூரி, கருமாத்தூரில் இயேசு சபையினரின் அருள் ஆனந்தர் கல்லூரி என்று வரிசையாக எழுந்தன. உறவின்முறைச் செயலாளரும் பள்ளித் தாளாளரும் பங்குச் சாமியாரும் விடுதிக் காப்பாளரும்தான் அன்றைய ஆலோசகர்கள். "நம்ம காலேஜ்லயே பி.காம். போட்டுவிடலாம்யா" என்ற ஒரு சொல்லில் ஒரு பையனின் வாழ்க்கை முடிவானது. அக்கறை உள்ள ஏற்பாடு. ஆனால் சொல்பவர் அறிந்த எல்லைக்குள்தான் அந்த அறிவுரையும் நின்றது. எந்த உறவின்முறையின் விரிப்பிலும் இடமில்லாத குடும்பங்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை.

1978

இந்த ஆய்வின் மையம் 1978. அதற்கு முன்பு பள்ளியில் 11 ஆண்டு, கல்லூரியில் ஓராண்டு பி.யு.சி., பிறகு மூன்றாண்டுப் பட்டம். 1950-களின் நடுவில் இன்டர்மீடியட் போய்ப் பி.யு.சி. வந்தது. மேலூரிலிருந்தோ பேரையூரிலிருந்தோ பிள்ளைகள் 16 வயதில் மதுரைக்கு வந்து, விடுதியில் தங்கி, கல்லூரி ஆசிரியர்கள் நடுவில் ஓராண்டு இருந்து, அதற்குப் பிறகே பட்டப் பாடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பி.யு.சி. என்றாலே தோல்விக் கணக்கு என்ற கெட்ட பெயர் அதற்கு உண்டு. ஆங்கிலவழிக் கல்லூரி வகுப்பில் தமிழ்வழிப் பிள்ளைகள் திணறினார்கள். இருந்தும் அந்த ஓராண்டு ஒரு கண்திறப்பு. எந்தத் துறையில் என்ன கற்றுத்தருகிறார்கள், எந்த அண்ணன் எங்கே வேலைக்குப் போனான் என்பதைக் கல்லூரி நிழலிலேயே நின்று தெரிந்துகொள்ளலாம்.

1978-79 கல்வியாண்டில் பிளஸ் ஒன் வகுப்புகள் பள்ளிகளில் தொடங்கின. 1980-இல் முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு நடந்தது. மேல்நிலைக் கல்வி ஊருக்கு அருகில் வந்ததால், பெண்பிள்ளைகளுக்கு அது கொடுத்த கூடுதல் ஓராண்டின் மதிப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது. கூடவே பாடத்தேர்வு முன்னதாக, 15 வயதுக்கு இறங்கியது. இடமும் மாறியது. நகரக் கல்லூரியின் பல துறைகளுக்கு நடுவில் நடந்த தேர்வு, இரண்டு மூன்று குரூப் மட்டுமே உள்ள ஊர்ப்பள்ளியின் சேர்க்கை மேசைக்கு வந்தது. குரூப்பைத் தீர்மானித்தவை முதுகலை ஆசிரியர் பணியிடமும் ஆய்வகமும்தான். இயற்பியல் ஆசிரியர் இல்லாத பள்ளியில் அறிவியல் குரூப் இல்லை. பிள்ளைக்கு என்ன விருப்பம் என்ற கேள்வி அங்கே எழவே இல்லை.

மதிப்பெண் இன்னொரு சல்லடையாயிற்று. அதிக மதிப்பெண் வாங்கியவருக்குக் கணிதமும் உயிரியலும் சேர்ந்த முதல் குரூப், நடுவில் உள்ளவருக்குக் கணினி அறிவியல் அல்லது கணிதமில்லாத அறிவியல், அடுத்து வணிகவியல், மிச்சப்பட்டவருக்குத் தொழிற்பிரிவு. தொழிற்கல்வியைப் பிளஸ் டூவின் இதயமாகக் கண்டவர் மால்கம் ஆதிசேஷையா. வேலூர்க்காரர், யுனெஸ்கோவில் உயர்பதவி வகித்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். தொழிற்கல்வியை மேல்நிலையில் புகுத்துவது பற்றிய தேசியக் குழுவுக்கு 1978-இல் அவரே தலைவர். அவர் கண்ட கனவு, பள்ளிச் சேர்க்கை மேசையில் 'மார்க் இல்லாதவன் எடுக்கிற குரூப்' ஆகிப்போனது. இதற்கு அந்தப் பாடத்திட்டத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. பொது இயந்திரப் பணியாளர் பிரிவிலோ வேளாண் பிரிவிலோ படித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம்; பட்டயம் முடித்ததும் பொறியியல் கல்லூரியில் மறுபடி நேரடி இரண்டாம் ஆண்டு. பொறியியல் சேர்க்கையில் தொழிற்பிரிவினருக்கென ஒரு சிறு ஒதுக்கீடும் உண்டு. அமெரிக்காவில் பள்ளியில் படிக்கும்போதே கல்லூரிக்கான மதிப்பலகு சேர்த்துக்கொள்ளும் முறை 1950-களிலிருந்து நடக்கிறது. அதற்கு நிகராக நம்மிடம் இருப்பது இந்த நேரடி இரண்டாம் ஆண்டுதான். அதை மாணவரிடம் எடுத்துச் சொல்லும் கடமை யாருடைய பணிப்பட்டியலிலும் எழுதப்படவில்லை.

இதற்கு நேர்மாறான ஒன்று அதே 1978-இல் அதே நகரில் நடந்தது. நாட்டிலேயே முதன்முதலாகத் தன்னாட்சி பெற்ற கல்லூரிகளின் வரிசையில் மதுரையிலிருந்து அமெரிக்கன் கல்லூரியும் லேடி டோக் கல்லூரியும் இடம்பெற்றன. 1966-இல் தொடங்கிய மதுரைப் பல்கலைக்கழகம் காமராசர் பெயரைப் பெற்றதும் அந்த ஆண்டுதான். தன்னாட்சிக் கல்லூரியில் பாடத்திட்டம் வகுப்பதும் வினாத்தாள் எடுப்பதும் கல்லூரியின் கையில் வந்தன. அகமதிப்பீட்டுக்கு எடை கூடியது. பருவமுறையும் விருப்பத்தாள்களும் வேரூன்றின. பல்கலைக்கழக மானியக்குழு விருப்ப அடிப்படையிலான மதிப்பலகு முறையை நாடெங்கும் வலியுறுத்தியது 2015-இல். மதுரை மாணவர்கள் பலருக்கு அது அதற்கு வெகு முன்பே பழகிய சங்கதி. கோரிப்பாளையத்தில் தேர்வு விரிந்த அதே ஆண்டில், உசிலம்பட்டிப் பள்ளியில் அது குரூப் என்ற பூட்டுக்குள் போனது. 18 வயதில் கொடுத்த சுதந்திரத்தை அனுபவிக்க 15 வயதிலேயே சரியாகக் கணித்திருக்க வேண்டும் என்றாயிற்று. 1978-ஐப் பள்ளிக் கல்வியின் வெற்றி ஆண்டு என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. என் கணக்கில் அது பாதி வெற்றி.

நுழைவுத் தேர்வும் கட்-ஆப்பும்

மதுரை மருத்துவக் கல்லூரி 1954-லும் தியாகராசர் பொறியியல் கல்லூரி 1957-லும் வந்தன. இடம் கொஞ்சம், போட்டி அதிகம். நேர்காணல் மதிப்பெண் மீது எழுந்த புகார்களுக்குப் பிறகு எம்.ஜி.ஆர். அரசு 1984-இல் தொழிற்படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வைக் கொண்டுவந்தது. பிளஸ் டூ மதிப்பெண் 200, நுழைவுத் தேர்வு 100, ஆக 300 என்ற கணக்கு ஒரு தலைமுறைக்கு மனப்பாடம். பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு பயிற்சி வகுப்புக்காக நகருக்கு வந்து தங்கும் பழக்கமும் அப்போது பிறந்தது. தங்கிப் படிக்க முடியாத கிராமத்துப் பிள்ளைகள் பின்தங்கினர்.

ஜெயலலிதா அரசு 2005-இல் நுழைவுத் தேர்வை நீக்கப் பார்த்தது, நீதிமன்றம் ஏற்கவில்லை. 2006-இல் இயற்றிய சட்டமும் நிற்கவில்லை. ஆட்சி மாறிய பின் மு. ஆனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரைப்படி கருணாநிதி அரசு இயற்றிய சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. 2007-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. இனி எல்லாம் பிளஸ் டூ மதிப்பெண்ணிலிருந்து வரும் கட்-ஆப். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50.

சமூக நீதியின் அளவுகோலில் இது முன்னேற்றம் என்பதில் எனக்கு ஐயமில்லை. பள்ளி வகுப்பறைக்குள் அது செய்த வேலையையும் பதிவுசெய்ய வேண்டும். கட்-ஆப்புக்குள் வராத பதினோராம் வகுப்புப் பாடத்தைப் பல தனியார் பள்ளிகள் ஓரங்கட்டின. பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகமே இரண்டாண்டுக்கும் ஓடியது. நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகளுக்கு மதுரைப் பெற்றோர் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டார்கள். எந்தப் படிப்பு என்ற கேள்வி போய், எத்தனை கட்-ஆப் என்ற கேள்வி நின்றது.

அரசு நடத்திய 'கவுன்சலிங்' இந்த ஓட்டத்தின் கடைசிக் கட்டம். பொறியியலுக்கான ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு 1997-இல் தொடங்கியது. பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் பயணம் செய்து, அண்ணா பல்கலைக்கழகத்தில் காலியிடத் திரையைப் பார்த்து, சில நிமிடங்களில் கல்லூரியையும் பிரிவையும் சொல்ல வேண்டும். இடம் ஒதுக்குவதில் அது நேர்மையான முறை. சிபாரிசுக்கு அங்கே வேலை இல்லை. 2018-இல் அது இணையவழிக்கு மாறியபோது பயணமும் மிச்சமாயிற்று. ஆனால் அங்கே யோசிக்கக் கிடைத்தது கல்லூரியும் பிரிவும் மட்டும். யோசித்திருக்க வேண்டிய நேரம் இரண்டாண்டுக்கு முன்பே கடந்துவிட்டது.

வழிகாட்டல் இல்லாததற்குக் கொடுத்த விலைக்கு ஒரு சான்று திறந்தநிலைப் பட்டங்கள். பிளஸ் டூ இல்லாமலே பட்டம் பெறலாம் என்று நம்பித் திறந்தநிலை முறையில் சேர்ந்தவர்கள் பலர். முறையாகப் பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் முடித்துப் பெற்ற பட்டமே அரசு வேலைக்குச் செல்லும் என்று 2009-இல் அரசாணை வந்தது. அதற்குள் பணமும் ஆண்டுகளும் போயிருந்தன.

நீட்டுக்குப் பின்

மருத்துவச் சேர்க்கைக்கான தேசிய நுழைவுத் தேர்வான நீட் 2017-இல் தமிழ்நாட்டுக்குள் வந்தபோது, ஓரங்கட்டிய பதினோராம் வகுப்புப் பாடம் கடன்காரனாகத் திரும்பி வந்தது. அந்தத் தேர்வின் வினாக்கள் இரண்டு ஆண்டுப் பாடத்திலிருந்தும் எழுந்தன. அதே ஆண்டு அரசு பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு அறிவித்தது, மாநில ரேங்க் பட்டியலை ஒழித்தது, 1200 மதிப்பெண்ணை 600 ஆக்கியது. 2018-இல் வந்த புதிய பாடநூல்களின் முன்பக்கங்களில் மேற்படிப்புகளும் நுழைவுத் தேர்வுகளும் அச்சாயின. எழுத்தில் இருக்கும் வழிகாட்டலை எளிதில் குறை சொல்லலாம். ஆனால் கிராமத்துப் பிள்ளையின் கைக்கு அந்தப் பட்டியல் இலவசமாக வந்தது அதுவே முதல் முறை.

பிறகு நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. பொறியியல் போகிறவருக்கு உயிரியலும், மருத்துவம் போகிறவருக்குக் கணிதமும் ஏன் என்று கேட்டு, முக்கியப் பாடம் மூன்று போதும் என்ற விருப்பத்தை 2019-இல் அரசு அறிவித்தது. நடைமுறைக்கு வரவேண்டிய 2020-லேயே அது திரும்பப் பெறப்பட்டது. 15 வயதில் இன்னும் ஒரு வாசலைக் குறைப்பதா என்ற எதிர்ப்பு சரியானதே. சுமை என்ற குறையும் பொய்யில்லை. நம்பகமான ஆலோசகர் ஒருவர் பள்ளியில் இருந்திருந்தால் இந்த இரண்டையும் பிள்ளைக்குப் பிள்ளை பார்த்து முடிவு செய்திருக்கலாம். அவர் இல்லாததால் எல்லோருக்கும் ஒரே விதி என்பதே பாதுகாப்பான வழியாகத் தோன்றியது.

மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டின் கதையில் மதுரைக்கு நேரடிப் பங்கு உண்டு. நீதியரசர் கலையரசன் ஆணையத்தின் பரிந்துரையில் பிறந்த மசோதா ஆளுநரிடம் காத்திருந்தபோது, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நடந்த வழக்கு அந்தத் தாமதத்தை நாடறியச் செய்தது. 2020 அக்டோபர் இறுதியில் ஒப்புதல் வந்தது. அதற்கு முன் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்த அரசுப் பள்ளி மாணவர்களின் மருத்துவச் சேர்க்கை, அந்த ஆண்டே மருத்துவம், பல் மருத்துவம் சேர்த்து 400 அளவுக்கு உயர்ந்தது. மறு ஆண்டு பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் இது விரிந்தது.

இந்தச் சலுகையின் நிபந்தனையில் ஒரு நுட்பம் இருக்கிறது: 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சிப் பள்ளிக்கும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிக்கும் இது பொருந்தும்; அரசு உதவிபெறும் பள்ளிக்குப் பொருந்தாது. மதுரையின் பழைய, பேர்போன பள்ளிகளில் பல உதவிபெறும் பள்ளிகள். நல்ல பள்ளி என்று நம்பி ஒன்பதாம் வகுப்பில் பிள்ளையை மாற்றுகிற தகப்பனுக்கு, அந்த மாற்றத்தோடு எது கைநழுவுகிறது என்று டி.சி. எழுதும் மேசையில் யாரும் சொல்வதில்லை. படிப்புத் தேர்வு 15 வயதிலிருந்து 11 வயதுக்கு இறங்கிவிட்டது என்பதே இதன் பொருள்.

2022 மார்ச் 1 அன்று தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம்தான் வழிகாட்டலை அரசுப் பள்ளியின் பாடவேளைக்குள் கொண்டுவந்தது. 9 முதல் 12 வரையான வகுப்புகளுக்குக் கையேடு, பயிற்சி பெற்ற ஆசிரியர், பிளஸ் டூ முடித்தவர்களுக்குக் 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சி, சேராமல் நின்றவர்களைத் தேடும் 'உயர்வுக்குப் படி' முகாம் என்று அது விரிந்தது. கல்லூரியில் சேரும் அரசுப் பள்ளி மாணவியருக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும், 2024-இல் மாணவருக்கு வந்த தமிழ்ப் புதல்வன் திட்டமும் வீட்டுப் பேச்சையே மாற்றின. அதுவரை இந்த வேலையைத் தமுக்கம் மைதானத்திலும் மண்டபங்களிலும் ஆண்டுக்கொருமுறை கண்காட்சி வைத்துச் செய்தவை நாளிதழ்கள். அங்கே கடைபோட்டிருந்தவை பெரும்பாலும் இடம் நிரப்ப வந்த தனியார் கல்லூரிகள்.

இந்தத் திட்டத்தின் பலவீனமும் பழையதுதான்: வழிகாட்டி ஆசிரியர் தம் பாடத்தையும் நடத்திக்கொண்டே இதையும் சுமக்கிறார். திட்டத்தின் உச்சம் பிளஸ் டூவுக்குப் பிறகு வருகிறது. குரூப் எடுக்கும் மே மாதத்தில் அதன் குரல் மெலிந்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய தரவு அறிவியல் பட்டப்படிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும், பிளஸ் டூவில் எந்தக் குரூப்பும் தடையில்லை. பள்ளியில் படிக்கும்போதே தகுதிச் சுற்றை எழுதலாம். வணிகவியல் குரூப் எடுத்த மேலூர்ப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய செய்தி இருக்க முடியாது. அதைச் சொல்ல வேண்டிய நேரம் பதினோராம் வகுப்பின் முதல் மாதம்.

2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வை நீக்கியிருக்கிறது. அந்தத் தேர்வு எதற்காக வந்ததோ, அந்த நோய் இன்னும் தீரவில்லை. பதினோராம் வகுப்புப் பாடம் மறுபடி ஓரங்கட்டப்படும் ஆபத்து இருக்கிறது. ஆனாலும் தேர்வு பயமில்லாத ஓராண்டு கையில் வந்திருக்கிறது. குரூப் ஒத்துவராதவரை முதல் பருவத்துக்குள் மாற்றிச் சேர்க்க இது ஏற்ற ஆண்டு.

மதுரை மாவட்டக் கல்வி நிர்வாகம் இரண்டு காரியங்களை உடனே செய்யலாம். எந்த மேல்நிலைப் பள்ளியில் எந்தக் குரூப், எந்த வழியில், எத்தனை இடம், எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறார் என்ற பட்டியலை ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியிலேயே, பத்தாம் வகுப்பு நடக்கும் எல்லாப் பள்ளிகளின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்ட வேண்டும். எந்தக் குரூப் எந்தப் படிப்பை மூடுகிறது, எதைத் திறந்தே வைக்கிறது என்பதை அதன் கீழேயே தமிழில் எழுத வேண்டும். கோத்தாரி ஆணையம் கேட்ட, பத்துப் பள்ளிக்கு ஒருவரான அந்த முழுநேர ஆலோசகரை முதலில் உசிலம்பட்டி, மேலூர் பகுதிகளில் நியமிக்க வேண்டும். முதல் காரியத்துக்குப் புதிய சட்டமும் வேண்டாம், நிதி ஒதுக்கீடும் வேண்டாம்; வரும் ஜனவரியிலேயே தொடங்கலாம்.